நாட்பட்ட நாரி நோவுக்குத் தனிச் சிகிச்சையா, குழுப் பயிற்சியா?

கிளிநொச்சிப் பக்கத்துத் தருமபுரத்தில் இருந்து ஒரு மகள் கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு 53 வயது, இரண்டு வருடமாக நாரி நோ, அதாவது கீழ்முதுகு வலி. கச்சானும் மரக்கறியும் செய்கிற குடும்பம். குனிந்து நிமிர ஏலாமல் இப்போது அம்மா தோட்டத்துப் பக்கமே போகிறதில்லை. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து, எலும்பு தேய்ந்திருக்கிறது என்று சொல்லி பிசியோவுக்கு அனுப்பினார்களாம். அங்கே ஒரு தடவை பார்த்துவிட்டு, கிழமைக்கு ஒரு நாள் நடக்கிற குழுப் பயிற்சியில் சேர்த்துவிட்டார்கள். அம்மாவுக்கு அதில் பெரிய மனத்தாங்கல். “என்னைப் பத்தோட பதினொண்டா நிக்க விட்டிட்டினம்” என்கிறாராம். ரவுணில் ஒரு தனியார் இடத்தில், தனியே கட்டிலில் படுக்கவைத்து மெசின் பிடிக்கலாம், பத்துத் தடவைக்கு இவ்வளவு காசு என்று சொல்லியிருக்கிறார்கள். கடன்பட்டாவது அங்கே கூட்டிக்கொண்டு போவதா, குழுவிலேயே விடுவதா என்பது கேள்வி.

கடன்பட வேண்டாம். நாட்பட்ட நாரி நோ உள்ள பெரும்பாலானவர்களுக்கு, ஒழுங்காக நடத்தப்படுகிற குழுப் பயிற்சி தனிச் சிகிச்சைக்குக் குறைந்ததில்லை. ஆனால் அந்த ஒழுங்குக்குள் ஒரு விசயம் கட்டாயம் இருக்கவேண்டும். குழுவில் விடுவதற்கு முன் ஒரு தடவையாவது ஆளைத் தனியே இருத்தி, ஆறுதலாகக் கதை கேட்டு, உடம்பைச் சோதித்துப் பார்த்திருக்க வேண்டும். யார் குழுவுக்குப் போகலாம், யாரைத் தனியே பார்க்கவேண்டும் என்பது அப்போதுதான் தெரியும். அதோடு எங்கள் பக்கத்துக்கென்றே சில சிக்கல்கள் உண்டு. நான் வன்னியில் இயன்மருத்துவராக, அதாவது பிசியோவாக, வேலை செய்கிறவன், அதனால் அதைக் கொஞ்சம் கூடவே எழுதப்போகிறேன்.

முதலில் அந்தத் ‘தேய்வு’ பற்றி. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிற நாரி நோவைத்தான் நாட்பட்டது என்கிறோம். அப்படி வருகிறவர்களில் மிகப் பெரும்பான்மையோருக்கு, இந்த எலும்பு, இந்தத் தட்டு, இந்த நரம்பு என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2020ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் 61 கோடியே 90 லட்சம் பேருக்கு நாரி நோ இருந்தது, அதாவது பதின்மூன்று பேரில் ஒருவருக்கு. எக்ஸ்ரேயிலும் ஸ்கேனிலும் தெரிகிற தேய்வுக்கும் நோவுக்கும் நேர்க் கணக்கு இல்லை. நாரியில் ஒரு நோவும் இல்லாத ஆட்களின் ஸ்கேன்களைத் திரட்டிப் பார்த்து 2015இல் ஒரு ஆய்வு வந்தது. 20 வயதுக்காரரிலேயே 37 வீதமானோருக்கு முள்ளந்தண்டுத் தட்டில் தேய்வு இருந்தது, 80 வயதில் 96 வீதம். தலை நரைப்பதைப் போல வயதோடு வருகிற மாற்றம் அது. உங்கள் அம்மாவின் வயதில் எக்ஸ்ரேயில் தேய்வு இல்லாவிட்டால்தான் நான் இரண்டாம் தரம் பார்ப்பேன்.

ஆனால் ‘எலும்பு தேஞ்சிட்டுது’ என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால் ஆள் என்ன செய்வார்? தேய்ந்த டயர் மாதிரி இன்னும் ஓட்டினால் வெடித்துவிடும் என்று நினைத்து ஒதுங்கி இருந்துவிடுவார். உங்கள் அம்மா தோட்டத்துக்குப் போகாமல் விட்டதும் அப்படித்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம். இருக்க இருக்கத் தசை மெலியும், நாரி விறைக்கும், கொஞ்சம் குனிந்தாலே நோகும். நோகிறது என்பதால் இன்னும் ஒதுங்குவார். நான் பார்க்கிற நாட்பட்ட நாரி நோவில் பாதி இந்தச் சுழியில் கிடக்கிறது. தனியோ குழுவோ, சிகிச்சையின் வேலை ஆளை இதிலிருந்து வெளியே எடுப்பதுதான்.

வெளியே எடுக்கிற வழிகளில் அதிகம் சோதித்துப் பார்க்கப்பட்டது உடற்பயிற்சி. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடுகிற கொக்ரேன் அமைப்பின் 2021ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு 249 ஆய்வுகளையும் அவற்றில் இருந்த 24,000க்கு மேற்பட்ட ஆட்களையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. ஒன்றும் செய்யாமல் அல்லது வழமையான கவனிப்போடு இருந்தவர்களை விட, பயிற்சி செய்தவர்களின் நோ நூறு புள்ளியில் ஏறத்தாழ 15 புள்ளி குறைந்திருந்தது. 60இல் இருந்த நோ 45க்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மந்திரம் ஒன்றுமில்லை. ஆனால் 60இல் படுத்துக் கிடக்கிறவர் 45இல் எழுந்து சமைப்பார், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவார். நோ முழுக்கப் போய்விடும் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தில் காசு கட்ட யோசியுங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். 2007இல் இங்கிலாந்தில் ஒரு ஆய்வு நடந்தது. நாட்பட்ட நாரி நோ உள்ள 212 பேரைச் சீட்டுப் போட்ட மாதிரி மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்கு வழமையான தனிச் சிகிச்சை, ஒரு பகுதியினருக்கு வயிற்றையும் நாரியையும் இறுக்கிப் பிடிக்கிற பயிற்சி குழுவாக, மற்றவர்களுக்கு நோவைச் சமாளிக்கப் பழக்கும் குழு வகுப்பு. அன்றாட வேலையில் எவ்வளவு இயலாமை என்பதை 24 புள்ளித் தாளில் குறித்தார்கள். மூன்று பகுதியும் 11க்கும் 13க்கும் இடையில் தொடங்கி, 18 மாதம் கழித்து 7க்குக் கிட்ட வந்து நின்றன. வித்தியாசம் விளைவில் இல்லை, செலவில்தான். தனிச் சிகிச்சை பெற்றவர்களுக்குச் சராசரியாக 474 பவுண் மருத்துவச் செலவு, நோவைச் சமாளிக்கும் குழுவுக்கு 165 பவுண். பிறகு 2017இல், தசை எலும்பு நோக்களுக்குக் குழுப் பயிற்சியையும் தனிப் பயிற்சியையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோதும், கண்ட வித்தியாசம் நோயாளிக்கு உணரக்கூட முடியாத அளவு சிறியதாகவே இருந்தது.

இங்கிலாந்தின் தேசிய மருத்துவ வழிகாட்டி 2016இல் நாரி நோவுக்குக் குழுப் பயிற்சியை யோசிக்கும்படி சொல்வது இதனால்தான். அதே வரியில், ஆளின் தேவையையும் விருப்பத்தையும் இயலுமையையும் பார்த்துச் செய்யுங்கள் என்றும் இருக்கிறது. எங்களில் பலர் முதல் பாதியை மட்டும் வாசித்துவிட்டு ஆட்களை வரிசையில் விட்டுவிடுகிறோம்.

நான் அடிக்கடி எடுத்துச் சொல்கிற இன்னொரு ஆய்வு 2010இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. 701 பேர். எல்லாருக்கும் நாரியைப் பற்றிய ஆலோசனை கொடுத்து, ஒரு பகுதியினரை மேலதிகமாக ஆறு குழு அமர்வுகளுக்குக் கூப்பிட்டார்கள். குனிந்தால் உடைந்துவிடும் என்ற பயத்தைக் கதைத்துக் கதைத்துத் தளர்த்துவதும், சின்னச் சின்ன இலக்கு வைத்து நடமாட்டத்தைக் கூட்டுவதும்தான் அங்கே வேலை. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோதும் குழுவுக்குப் போனவர்கள் முன்னுக்கு நின்றார்கள். ஆனால் கவனியுங்கள், அந்த ஆறு குழு அமர்வுக்கு முன் ஒவ்வொருவரையும் தனித்தனியாக இருத்தி நீண்ட நேரம் பார்த்திருந்தார்கள். அந்தத் தனிச் சந்திப்பை வெட்டிவிட்டு, ‘குழு போதும் என்று ஆய்வு சொல்கிறது’ என்று சொல்வது சரியில்லை.

சரி, மறுபக்கமும் இருக்கிறது. 2020இல் அயர்லாந்தில் 206 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஆளுக்கு ஆள் வேறுபட்ட தனிச் சிகிச்சை ஒன்றைக் குழுப் பயிற்சியோடு நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். நோவின் அளவில் வித்தியாசம் இல்லை. ஆனால் இயலாமை தனிச் சிகிச்சையில் கூடுதலாகக் குறைந்தது. அதே சிகிச்சையை 2023இல் ஆஸ்திரேலியாவில் 492 பேரிடம் சோதித்தபோது, வழமையான கவனிப்பை விட நன்றாகவே வேலை செய்தது, பலன் ஒரு வருடம் வரைக்கும் நின்றது. அங்கே ஒப்பிட்டது வழமையான கவனிப்போடு, குழுவோடு அல்ல என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்தத் தனிச் சிகிச்சையில் என்ன செய்கிறார்கள்? முதல் நாள் முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஆளின் கதை. எப்போது தொடங்கியது, அப்போது வீட்டில் என்ன நடந்தது, யார் என்ன சொன்னார்கள், எதைச் செய்யப் பயம், இரவு நித்திரை எப்படி. பிறகு அவரைப் பயப்படுத்துகிற அந்த அசைவையே செய்யவைத்துப் பார்ப்பது. ஒருவர் குனியச் சொன்னால் மூச்சைப் பிடித்து, வயிற்றை இறுக்கி, கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டு இறங்குவார். மூச்சை விட்டு, நாரியைத் தளர்த்தி, முதுகு வளைய விட்டுக் குனியுங்கள் என்று பழக்கினால், பலருக்கு அந்த இடத்திலேயே ‘இது இவ்வளவு நோகேல்லையே’ என்று முகம் மாறும். அந்த முகமாற்றம் பத்துப் பேர் நிற்கிற மண்டபத்தில் கண்ணில் படுவது கஷ்டம்.

ஆனால் உங்கள் ரவுண் இடத்தில் சொல்கிற தனிச் சிகிச்சை இது இல்லை என்று நினைக்கிறேன். திரையை இழுத்துவிட்டு, சூட்டுப் பையை நாரியில் வைத்து, நாலு ஒட்டுத் தட்டை ஒட்டி மெசினைப் போட்டுவிட்டுப் பிசியோ அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். இருபது நிமிடத்தில் மெசின் கத்தும், ஆள் எழும்பி வருவார். கட்டிலில் தனியே படுத்திருந்தார் என்பதைத் தவிர அவருக்கென்று அங்கே ஒன்றும் நடக்கவில்லை. நான் மேலே சொன்ன 2016 வழிகாட்டி, நாரி நோவுக்கு அல்ட்ராசவுண்ட், நரம்பைத் தூண்டும் மின் மெசின்கள், இழுவைச் சிகிச்சை, இடுப்புப் பெல்ட் எல்லாவற்றையும் கொடுக்கவேண்டாம் என்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டியும் பெல்ட்டையும் இழுவையையும் வேண்டாம் என்றுதான் சொல்கிறது. தடவிவிடுவதற்கும் மசாஜுக்கும் அதில் இடம் இருக்கிறது, ஆகவே பரியாரியார் எண்ணெய் போட்டு உருவிவிட்டால் சுகமாக இருக்கிறது என்று அம்மா சொன்னால் நான் தடுக்கமாட்டேன். ஆனால் அதோடு நடக்கவும் வேண்டும். சூட்டு ஒத்தடமும் அப்படியே. வீட்டில் சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி வைத்தால் போதும், அதற்கு ரவுணுக்கு ஏன்?

மெசின் விசயத்தில் எங்கள் ஆட்கள் தெரிந்திருக்கவேண்டிய ஒன்று இருக்கிறது. 2009இல் போர் முடியும் வரைக்கும் வன்னியில் இருந்தவர்களில் எத்தனையோ பேரின் உடம்பில் இன்னும் செல் (எறிகணை) துண்டுகள் கிடக்கின்றன. சிலருக்கு எங்கே இருக்கிறது என்று தெரியும், சிலருக்கு எக்ஸ்ரே எடுத்தபோதுதான் தெரியவந்தது. உள்ளே உலோகம் இருக்கிற இடத்தில் ஆழச் சூடு கொடுக்கிற மின் அலை மெசினைப் பிடிக்கக்கூடாது. உலோகம் சூடாகிப் பக்கத்துத் தசையைச் சுடும். எம்.ஆர்.ஐ ஸ்கேன் எடுக்கப் போனாலும், படிவத்தில் கேட்டாலும் கேட்காவிட்டாலும், துண்டு இருக்கிறது என்று வாயைத் திறந்து சொல்லவேண்டும், ஏனென்றால் காந்தம் இரும்பை இழுத்து அசைக்கலாம். பழைய காயம் என்று வெட்கப்பட்டோ, தேவையில்லாத கேள்வி வருமோ என்று யோசித்தோ மறைக்கிற ஆட்களை நான் கண்டிருக்கிறேன். மெசின் வேலை செய்கிறவருக்கு உங்கள் கதை வேண்டாம், துண்டு எந்த இடத்தில் என்பது மட்டும் போதும். இன்னொன்று, நாரியில் துண்டு இருப்பதால் நோ அதனால்தான் வருகிறது என்று முடிவுகட்ட வேண்டாம். பல வருடம் பேசாமல் கிடந்த துண்டு அது, நோ தொடங்கியது அண்மையில்தான்.

இங்கே யாரைத் தனியே பார்க்கவேண்டும் என்ற கேள்வியும் இதோடுதான் வருகிறது. பொய்க்கால் போட்டு நடக்கிறவரின் நாரி மற்றவர்களின் நாரி மாதிரி வேலை செய்யாது. கால் அளவு, நடை, உட்காருகிற விதம் எல்லாம் பார்த்துத்தான் பயிற்சி கொடுக்கவேண்டும். காலுக்குக் கீழே மின்சாரம் மாதிரி இழுக்கிற நோ உள்ளவரைக் குழுவில் விட்டால், மற்றவர்கள் செய்வதைப் பார்த்துத் தானும் செய்து நோவைக் கூட்டிக்கொள்வார். கண்ணிவெடி அகற்றுகிற வேலைக்குப் போகிற பெண்பிள்ளைகள் நாள் முழுக்க முழங்காலில் நின்று, கவசம் போட்டு, முன்னுக்குக் குனிந்தபடி வேலை செய்கிறவர்கள். அவர்களிடம் ‘குனிய வேண்டாம்’ என்று பொதுவாகச் சொல்லி வேலையில்லை. எத்தனை நிமிடத்துக்கு ஒரு தரம் எழும்பலாம், எந்த முழங்காலை மாற்றலாம் என்று அந்த வேலையோடு சேர்த்துப் பேசவேண்டும். ஆடைத் தொழிற்சாலையில் மெசினுக்கு முன்னால் குந்தி இருக்கிற பிள்ளைகளுக்குக் கதை வேறு.

இன்னும் ஒரு வகை இருக்கிறது. நாரி நோ எப்போது தொடங்கியது என்று கேட்டால் பதில் சொல்லாமல் சுவரைப் பார்க்கிறவர்கள். பிள்ளையையோ கணவனையோ இழந்தவர்கள், காணாமல் போனவர்களைத் தேடி இன்னும் அலைகிறவர்கள். அவர்களுடைய நாரி நோ மனக்கற்பனை இல்லை, உண்மையாகவே நோகிறது. ஆனால் நித்திரை இல்லாமல், எப்போதும் உடம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாழ்கிறவருக்கு நோ கூடத் தெரியும். அவரைப் பத்துப் பேருக்கு நடுவே இருத்தி, ‘உங்கட நோவைப் பற்றிச் சொல்லுங்கோ’ என்று கேட்பது கொடுமை. முதல் சில தடவை தனியே கதைத்து, தேவையென்றால் மனநல வைத்தியரிடமும் காட்டி, பிறகு அவரே விரும்பினால் குழுவுக்கு வரட்டும். விநோதம் என்னவென்றால், இவர்களில் சிலர்தான் பிறகு குழுவை விட்டுப் போகமாட்டோம் என்று நிற்பார்கள்.

ஏன் என்று விளங்கவேண்டுமானால் நல்ல குழு ஒன்றை வாசலில் நின்று பார்க்கவேண்டும். எட்டுப் பேர், பத்துப் பேர், அதற்குமேல் என்றால் அது வகுப்பில்லை, கூட்டம். பெண்களுக்கு வேறு நேரம், ஆண்களுக்கு வேறு நேரம். எங்கள் பக்கத்தில் இதைச் செய்யாவிட்டால் பெண்கள் பாயில் படுத்துக் காலைத் தூக்கமாட்டார்கள், சும்மா நின்றுவிட்டுப் போவார்கள். பிளாஸ்டிக் கதிரையில் கையூன்றாமல் எழும்பி இருப்பது, சுவரில் கையூன்றித் தள்ளுவது, பாயில் படுத்து நாரியை மேலே தூக்குவது, கடைசியில் மணல் நிறைத்த வாளி. வாளி முக்கியம். கால்வாளி மணலோடு தொடங்கி, கிழமைக்குக் கிழமை ஒரு பேணி கூட்டுவது. முதல் நாள் வாளியைக் கண்டவுடன், தனக்கு ஏலாது என்று ஒதுங்கின அம்மா ஒருவர், தன்னை விடப் பத்து வயது மூத்த ஒருவர் அதைத் தூக்கி வைப்பதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். நான் ஆயிரம் தரம் ‘உங்கட நாரி உடையாது’ என்று சொல்வதை விட அந்தக் காட்சி சொல்லும். பிறகு இடைவேளையில் யாருடைய வீட்டில் கச்சான் பிடுங்கியாச்சு, பிளேன்ரீ குடிக்கக் கதிரையில் எவ்வளவு நேரம் இருக்க முடிகிறது என்று கதை போகும். வராத ஒருவருக்குப் போன் எடுத்து ‘ஏன் அக்கா வரேல்லை’ என்று கேட்பதும் அவர்கள்தான், நான் இல்லை.

உங்கள் அம்மாவின் மனத்தாங்கலுக்குக் காரணம் குழு அல்ல, அந்தக் குழு நடக்கிற விதமாக இருக்கலாம். எல்லாருக்கும் ஒரே பயிற்சி, ஒரே எண்ணிக்கை, பிசியோ முன்னால் நின்று எண்ணுகிறார் என்றால் அவர் சொல்வது சரிதான். குழுவுக்குள்ளேயே ஆளுக்கு ஆள் வாளியின் பாரம் வேறாக இருக்கவேண்டும், ஒருவருக்குப் பத்துத் தரம், இன்னொருவருக்கு மூன்று தரம். இதைக் கேட்பதில் பிழையில்லை. ‘மிஸ், எனக்கு இதில எந்த அளவு?’ என்று அம்மா ஒரு தரம் கேட்கட்டும். நல்ல பிசியோவுக்கு அது கோபத்தை வரவைக்காது.

போக்குவரத்தையும் யோசியுங்கள். தருமபுரத்தில் இருந்து பரந்தன் சந்திக்கு வந்து கிளிநொச்சிக்குப் போய் வர அரை நாள் போகும். பஸ்ஸில் ஆடி ஆடி வந்து நாரி இன்னும் நோகிறது என்று திரும்பிப் போகிறவர்களும் உண்டு. தனியாரிடம் பத்துத் தடவை என்றால் அந்தப் பத்து அரை நாளும் பஸ் காசும் வேறு. அரச ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குக் காசில்லை, ஆனால் வந்துபோகிற செலவும் போன கூலியும் கையைக் கடிக்கும். முல்லைத்தீவுப் பக்கத்து ஆட்களுக்கு மாஞ்சோலை ஆஸ்பத்திரி, துணுக்காய் பக்கத்துக்கு மல்லாவி என்று கிட்ட இருக்கிற இடத்தில் பிசியோ எந்த நாளில் இருக்கிறார் என்று முதலே விசாரித்துப் போவது நல்லது. போகங்களும் பாருங்கள். காலபோக விதைப்பு நேரமும் வெட்டு நேரமும் வந்தால் குழு வெறிச்சோடிவிடும், அதைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த நேரம் வீட்டில் செய்யக்கூடிய மூன்று பயிற்சியை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு, வெட்டு முடிந்து திரும்பி வரலாம். எது சிறந்த சிகிச்சை என்ற வாதத்தை விட, எதற்கு அம்மா தொடர்ந்து போவார் என்ற கேள்விதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. தனியோ குழுவோ, இரண்டு தரம் போய் விட்டுவிட்டால் இரண்டுமே வீண்.

நடையை மறக்கவேண்டாம், அதற்கு பிசியோவும் தேவையில்லை, பஸ்ஸும் தேவையில்லை. நாரி நோ வந்து ஆறினவர்கள் 701 பேரை வைத்து ஆஸ்திரேலியாவில் செய்த ஆய்வு 2024இல் வந்தது. (2010 ஆய்விலும் 701 பேர்தான், தற்செயல்.) ஒரு பகுதியினருக்குப் பிசியோ ஒருவர் நடைத் திட்டம் போட்டுக்கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, கிழமைக்கு ஐந்து நாள் அரை மணி நேரம் வரைக்கும் கொண்டுவந்தார். நோ திரும்பி வர அவர்களுக்கு நடுத்தரமாக 208 நாள் எடுத்தது, நடக்காதவர்களுக்கு 112 நாள். அம்மா வெள்ளன, வெயில் ஏறமுதல், வாய்க்கால் கரை வழியே ஐந்து நிமிடத்தில் தொடங்கட்டும். இலக்கைக் கிலோமீற்றரில் வைக்காமல் அவருக்கு ஆசையான ஒன்றில் வையுங்கள். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போய், வரிசையில் நின்று கும்பிட்டு வரவேண்டும் என்று ஒருவர் தன் குழுவில் சொல்லியிருந்தார். அந்த மாதிரி இலக்கு வீட்டுப் பயிற்சியைத் தானாகச் செய்யவைக்கும்.

எல்லா நாரி நோவையும் இப்படி ஆறுதலாகக் கையாள முடியாது. சலம் போகிறது தெரியாமல் போனால் அல்லது போக ஏலாமல் அடைத்தால், மலத்தை அடக்க முடியாவிட்டால், இரண்டு தொடைக்கும் இடையில் விறைத்தால், கால் திடீரெனப் பலமிழந்தால் அன்றைக்கே, இரவென்றாலும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். நரம்புக் கொத்து நசுங்குகிற அறிகுறி அது, மணித்தியாலக் கணக்கில் தாமதித்தாலும் போன உணர்வும் பலமும் திரும்பிவராமல் போகலாம். காய்ச்சலோடு நோ, காரணமில்லாமல் மெலிவது, முன்பு புற்றுநோய் அல்லது காசநோய் இருந்தது, விழுந்த பிறகு தொடங்கினது, படுத்தாலும் ஆறாத இரவு நோ, இவையெல்லாம் குழுவுக்குப் போகமுதல் வைத்தியர் பார்க்கவேண்டியவை. காசநோய் முள்ளந்தண்டிலும் வரும் என்பது பலருக்குத் தெரியாது. 40 வயதுக்கு உட்பட்டவர், காலையில் எழும்பினால் அரை மணி, ஒரு மணி நேரம் நாரி விறைத்து, வேலை செய்யச் செய்ய இலகுவானால் அது மூட்டுவாத வகையாக இருக்கலாம், அதற்கு மருந்து வேறு.

கிட்னி என்ற பயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வடமத்திய மாகாணத்திலும் வவுனியாவின் சில பகுதிகளிலும் காரணம் தெரியாத சிறுநீரக நோய் பரவலாக இருப்பதால், நாரி நொந்தவுடனே ‘கிட்னி பழுதாகுது’ என்று கிணற்றுத் தண்ணீரைச் சந்தேகப்படுகிறவர்கள் நிறைய. அந்த நோய் ஆரம்பத்தில் பெரும்பாலும் நோவே இல்லாமல்தான் வரும். குனிந்தால், பாரம் தூக்கினால் நாரி நோகிறது என்றால் அது சிறுநீரகத்தால் வருகிற நோவின் குணமில்லை. பயம் போகவேண்டுமென்றால் இரத்தத்தில் கிரியற்றினினும் சலத்தில் புரதமும் பார்த்தால் போதும். ஆனால் உண்மையாகச் சிறுநீரகத்துக்குப் பாரமானது, நாரி நோவுக்கென்று பாமசியில் வாங்கி மாதக்கணக்கில் போடுகிற டைக்ளோபினாக் போன்ற நோக் குளிசைகள்தான். அம்மா அப்படி ஏதும் போடுகிறாரா என்று பாருங்கள்.

இனி என்ன செய்யலாம்? அடுத்த கிளினிக்குக்கு அம்மாவோடு நீங்களும் போங்கள். பழைய எக்ஸ்ரே, கிளினிக் கொப்பி, போடுகிற குளிசைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் கொண்டுபோங்கள். செல் துண்டு இருந்தால் இடத்தையும் சொல்லுங்கள். முதல் தடவை பார்த்தது எவ்வளவு நேரம் என்று தெரியாது, ஐந்து நிமிடம்தான் என்றால், ஆறுதலாக ஒரு தரம் தனியே பார்க்கமுடியுமா என்று கேளுங்கள். காலை நேரச் சனம் கலைந்த பிறகு வரச் சொன்னால் காத்திருங்கள், அது பெறுமதியான காத்திருப்பு. பிறகு குழுவில் ஆறு தொடக்கம் எட்டுக் கிழமை விடுங்கள். நோவை மட்டும் கேட்டுக்கொண்டிருக்காமல், அம்மா எவ்வளவு தூரம் நடக்கிறார், எத்தனை வாளி தண்ணீர் அள்ளுகிறார், இரவில் எத்தனை தரம் எழும்புகிறார் என்று கொப்பியில் குறித்துவாருங்கள். அதில் ஒன்றும் அசையாவிட்டால், அந்தக் கொப்பியையே பிசியோவிடம் காட்டித் தனிச் சிகிச்சை கேளுங்கள். அப்போதும் ஆஸ்பத்திரியில் நேரமில்லை என்றால் தனியாரிடம் போகலாம். ஆனால் காசு கட்டமுதல் ஒரு கேள்வி: அந்த ஒரு மணி நேரத்தில் மெசின் எத்தனை நிமிடம், அம்மாவோடு ஆள் எத்தனை நிமிடம்?